அமலதாஸ் ஸ்டுடியோவில் படம் தெளிவாக வந்த காலம்

எங்கள் ஆலடிவயலில் வெகுகாலம் அப்பாக்களுக்கு முகம் கிடையாது, கட்டங்கள்தான் இருந்தன. அறந்தாங்கிக்குக் கிழக்கே பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊர் இது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார்கள். டவர் பக்கத்து ஊரில் இருந்ததால் அந்த ஊருக்குப் போக மிச்சம் சிந்தியதுதான் எங்களுக்கு வந்தது. ஆகையால் வெள்ளிக்கிழமை மதியம் வீடியோவில் வருகிற ஆள் முதலில் குரலாக வந்து, பிறகு பழுப்பும் கறுப்புமான சதுரங்களாக வந்து, சிரிக்கும்போது சதுரங்கள் இடம் மாறி, உதடு அசைந்து முடிந்தபின் சொல் வந்து சேர்ந்து, பாதிச் சொல்லில் அப்படியே உறைந்து நின்றுவிடுவார். தொடக்கப்பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் அம்மாவுக்குக் கண்ணும் மூக்கும் பொட்டும் வைத்துவிட்டு அப்பாவுக்கு மட்டும் கட்டம் கட்டமாக அடித்து வைத்தார்கள். டீச்சரும் அது சரிதான் என்று மதிப்பெண் போட்டார்.

கல்யாண வீடியோ எடுக்கிற அமலதாஸ்தான் இதை மாற்றியவர். அவருடைய தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை கடல் கடந்து ஆன்லைனில் வந்தார். ஊரே பெரிய டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை முகத்துக்குப் பதிலாகச் செங்கல் சுவர் மாதிரி ஏதோ தெரிய, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், இன்னும் பூச்சு வேலை முடியவில்லையா என்று கேட்டுவிட்டார். சபை சிரித்த சிரிப்பில் தங்கச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அமலதாஸ் முடிவெடுத்தார். வயல் வழியாகக் கம்பம் நட்டு ஃபைபர் லைன் கொண்டுவந்தார். வைஃபையை நம்பாமல் லேப்டாப்புக்கு நேராக வயர் இழுத்தார். கல்யாணத்துக்கு எடுத்துப்போகிற பெரிய கேமராவையே அதில் மாட்டினார். முகத்துக்கு இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, எதிர் வெளிச்சம் வராமல் ஜன்னலுக்குக் கனத்த போர்வை போட்டார். செட்டிங்ஸுக்குள் போய் ஹெச்.டி. என்று இருந்த இடத்திலெல்லாம் டிக் அடித்தார். ரெக்கார்டிங் நசுங்கிப் போகக் கூடாதென்று சொந்த டிஸ்க்கிலேயே முழு அளவில் பதியும்படி வைத்தார். அந்தப் பக்கத்தில், எங்கள் ஆட்கள் தங்கியிருந்த முகாமுக்கு அருகே, ஒரு டீக்கடை மாடியில் நல்ல லைனும் நல்ல கேமராவும் இருந்தன. வெள்ளிக்கிழமை லீவில் அவர்கள் அங்கே வந்து வரிசையில் நின்றார்கள், எங்கள் பெண்கள் இங்கே ஸ்டுடியோவில் வரிசையில் நின்றார்கள்.

முதல் சில வாரம் சாதாரண சந்தோஷம்தான். மீசையில் நரை, காதோரம் மச்சம், சட்டைப் பையில் பேனா என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனார்கள்.

தை மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தவமணியின் முறை வந்தது. தவமணி பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிறவள். அவள் புருஷன் நீலமேகம் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஸ்டோரில் ஏசி ரூமுக்குள் உட்கார்ந்து சாமான் கணக்கு எழுதுகிற வேலை என்று சொல்லியிருந்தான். திரையில் வந்தான். முதலில் சட்டை தெரிந்தது, பிறகு சட்டைக்குள் பனியன் தெரிந்தது, பனியனுக்குள் தோலும் தோலுக்குள் விலா எலும்பும் ஒன்றை ஒன்று மறைக்காமல் தெரிந்தன, அதற்கும் உள்ளே இரண்டு நுரையீரலும் ஏறி இறங்குவது தெரிந்தது. மாவு சலித்த சல்லடை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் அவற்றின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அவன் மூச்சு இழுக்கும்போது அது மெல்லக் கிளம்பியது, விடும்போது மறுபடி படிந்தது.

“என்னங்க, நெஞ்சுக்குள்ள வெள்ளையா என்ன அது?” என்று தவமணி கேட்டாள்.

நீலமேகம் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். பொத்தான் கழன்றிருக்கிறது என்று நினைத்தவன் மாதிரி சட்டையை இழுத்துவிட்டான்.

“மாவு மாதிரி இருக்கு” என்றாள் தவமணி.

“கல்லுத் தூளு” என்றான்.

ஸ்டோரும் இல்லை, ஏசியும் இல்லை, சமையலறை மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல்லைத் தண்ணீர் விடாமல் மெஷினில் அறுக்கிற பட்டறையில் ஆறு வருஷமாக நிற்கிறான் என்பதும், எங்கள் ஊர் ஆட்கள் இன்னும் பதினேழு பேர் அங்கேயேதான் நிற்கிறார்கள் என்பதும் அப்படித்தான் தெரிய வந்தன. அமலதாஸ் எழுந்து வந்து திரையைப் பார்த்தார், வயரைத் தொட்டுப் பார்த்தார், ஒரு விளக்கை அணைத்துப் பார்த்தார். படம் அப்படியே இருந்தது. “ரெக்கார்டு ஆயிருக்கு தங்கச்சி, வேணும்னா திரும்பப் போட்டுப் பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து ஸ்டுடியோவில் எல்லோருக்குமே அப்படித் தெரிய ஆரம்பித்தது. இது ஏன் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. ஃபைபர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். சலூன் வைத்திருக்கும் ஏகாம்பரம் தன் தம்பியின் முழங்காலுக்குள் துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்றைப் பார்த்தார். தினமும் பிரியாணி சாப்பிடுவதாகச் சொன்ன மகனின் வயிற்றுக்குள் டீயும் ரெண்டு துண்டு ரொட்டியும் கிடப்பதை ஒரு தாய் பார்த்து, அதற்குப்பின் அவள் வீட்டில் குழம்பு வைப்பதையே நிறுத்திவிட்டாள். புருஷனோடு அங்கே இருந்த தபால்காரர் மகள் கர்ப்பமாக இருப்பது அவளுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்தது. பயறு அளவில் ஒன்று துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் உறுப்பு மண்டலங்கள் பாடத்துக்கு ஒன்பதாம் வகுப்பை வரிசையாக அழைத்துவந்து காட்டினார். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஜாதகத்தோடு அமலதாஸிடம் நேரமும் கேட்டார்கள். ஒரு டாக்டர் டவுனிலிருந்து வந்து அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, இந்த மெஷினுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்து, இல்லை என்றதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

தவமணி ஒவ்வொரு வெள்ளியும் வந்தாள். மகள் வெண்ணிலாவை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போவாள். கோடு கிழித்த மாதிரி அவளுக்கு அளவு தெரிந்தது. மாசியில் கீழ் விலாவரை இருந்த தூள் பங்குனியில் இரண்டு விரல் ஏறியிருந்தது. வந்துவிடுங்கள் என்றாள். ஒப்பந்தம் முடிய பதினோரு மாதம் இருக்கிறது, பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருக்கிறது, நடுவில் விடமாட்டார்கள் என்று அவன் சொன்னான். அப்படியானால் நானே அவர்களிடம் பேசுகிறேன் என்று அவள் சொன்னபோது, ஸ்டுடியோவில் நின்றிருந்த நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அவள் பேசினாள். ஊராட்சித் தலைவி லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார், அமலதாஸ் மெயில் அனுப்பினார், மூன்றாவது மெயிலுக்குக் கம்பெனி ஒரு மீட்டிங்குக்கு ஒத்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தவமணி இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு விளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். திரையில் மூன்று பெட்டிகள் வந்தன. ஒன்றில் மேனேஜர், ஒன்றில் கம்பெனி டாக்டர், ஒன்றில் தமிழ் தெரிந்த ஆபீஸ் பெண். நீலமேகத்தைக் கூப்பிடவில்லை. மேனேஜரின் நெஞ்சு தவமணிக்குத் தெரிந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இரண்டு பக்கமும் சுத்தமாக, இளஞ்சிவப்பாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு அழகான நுரையீரலை அதுவரை பார்த்ததில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

டாக்டர் ஒரு சர்டிபிகேட்டைத் தூக்கிக் காட்டினார். தகுதியுள்ளவர் என்று அதில் போட்டிருப்பதாக ஆபீஸ் பெண் மொழிபெயர்த்தாள். எங்களிடமும் படம் இருக்கிறது, பாருங்கள் என்றாள் தவமணி. அமலதாஸ் மூன்று மாத ரெக்கார்டிங்கில் தேதிவாரியாக வெட்டி வைத்திருந்ததைத் திரையில் ஓடவிட்டார். ஒரு கறையும் இல்லாமல், ஒரு கட்டமும் விழாமல், நீலமேகத்தின் நெஞ்சுக்குள் வெள்ளைத் தூள் கிளம்பிக் கிளம்பிப் படிந்தது. அவர்கள் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். முதலில் மேனேஜரின் பெட்டி கறுப்பானது. பிறகு டாக்டருடையது. கடைசியாக அந்தப் பெண்ணுடையது. மூன்று கறுப்புப் பெட்டிகளில் மூன்று பெயர்கள் வெள்ளை எழுத்தில் நின்றன. எங்கள் பக்கம் நெட்வொர்க் சரியில்லை என்று அந்தப் பெண்ணின் குரல் சொன்னது. இந்தப் படம் எந்த ஆஸ்பத்திரியிலும் எடுத்ததில்லை என்பதால் எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னது. அப்புறம் கொஞ்சம் தணிந்து, “அக்கா, நானும் இங்க வேலை பாக்கறவதான்” என்றது. மீட்டிங் முடிந்தது என்று திரை எழுதிக் காட்டியது.

அந்த வெள்ளிக்கிழமை நீலமேகம் டீக்கடை மாடிக்கு வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. மூன்றாவது வாரம் வீட்டு போனில், பழைய டவர் வழியாக, சதுரங்களாக வந்தான். பட்டறையில் யாரும் தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்றான். தன்னால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள் என்றான்.

“இனிமே அந்த மெஷின்ல வராத” என்றான். “இந்தப் போன்லயே வா. தூளால கூட இல்ல தவமணி, நீ அதப் பாக்கறதப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு முட்டுது.”

மற்ற ஆண்களும் இதையேதான் வேறு வேறு சொல்லில் சொன்னார்கள். ஒருவர் அந்த வெயிலில் கம்பளி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார், கம்பளிக்குள்ளும் தெரிந்தது. ஒருவர் கேமராவுக்கு முதுகு காட்டிப் பேசினார். பிறகு ஒவ்வொருவராக வராமல் போனார்கள். டீக்கடை மாடியில் ஆள் இல்லை, எங்கள் ஸ்டுடியோ வரிசையில் பெண்கள் புடவை கசங்க நின்றுவிட்டுத் திரும்பினார்கள். பவளக்கொடிக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்; புருஷன் சேதுபதியும் அதே பட்டறைதான்; அவன் இரண்டு மாதமாக முகம் காட்டவில்லை என்று தெருக்குழாயடியில் நின்று அழுதாள்.

ஆடிக் கடைசியில் சமுதாயக் கூடத்தில் ஊர் கூடியது. மதியம் முழுக்கப் பேசினார்கள். உள்ளதை உள்ளபடி பார்ப்பதில் என்ன தப்பு என்றார் ஏகாம்பரம். பார்த்து நம்மால் என்ன செய்ய முடிந்தது, முழங்கால் இரும்பை எடுக்க முடிகிறதா, ஒரு வாய் சோறு ஊட்ட முடிகிறதா, பார்க்க மட்டும்தான் முடிகிறதென்றால் அது எதற்கு என்று குழம்பு வைப்பதை நிறுத்திய அந்தத் தாய் கேட்டாள். முகமே இல்லாமல் போவதற்கு மங்கலான முகம் மேல் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். கடைசியில் படம் மங்கட்டும் என்பவர்களைத் தலைவி கையைத் தூக்கச் சொன்னார். பவளக்கொடி முதலில் தூக்கினாள். கைகள் வரிசையாக எழுந்தன. எல்லோரும் திரும்பித் தவமணியைப் பார்த்தோம், அவள் மாட்டேன் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தோம், சொல்லியிருந்தால் பாதிப் பேராவது கையை இறக்கியிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது. அவள் மடியிலிருந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கனமான எதையோ தூக்குகிற மாதிரி அதைத் தூக்கினாள். அன்று சாயங்காலமே அமலதாஸ் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, ஆயிரத்து எண்பது என்று இருந்ததை முந்நூற்று அறுபதுக்கு இறக்கினார். ஜன்னல் போர்வையையும் கழற்றி வெயிலில் போட்டார்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். சதுரங்கள் சிரித்தன, சதுரங்கள் பேசின, சாப்பிட்டாயா என்று கேட்டன. ஊர் நிம்மதியாகத் தூங்கியது. தவமணியும் வாராவாரம் பேசினாள். அவன் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுவது லைன் விட்டு விட்டு வருவதாலா, மூச்சாலா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேட்கவும் இல்லை. லைன்தான் என்று வைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் கம்பெனி தானாகவே நீலமேகத்தின் பாஸ்போர்ட்டைக் கொடுத்தது. திருச்சி ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். இது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

“தை மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு” என்றாள் தவமணி.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அப்போதே ஏன், என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கேட்கவில்லை.

வீட்டில் அவன் பத்தொன்பது நாள் இருந்தான். வெண்ணிலா முதல் இரண்டு நாள் கதவோரத்தில் நின்றே பார்த்தாள். மூன்றாம் நாள் கட்டிலருகே வந்து, அவன் கன்னத்தில் ஒரு விரலை வைத்து, தாடை வரைக்கும் மெதுவாக இழுத்து, “சொரசொரப்பா இருக்கு” என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி அடங்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப்பின் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் சிரிக்காமல் இருக்கப் பழகினான். இருபதாம் நாள் காலை, தவமணி பள்ளிக்கூடத்தில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தபோது ஆள் வந்து கூப்பிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் தவமணி தெருவில் இறங்கினாள். அதே பட்டறையில் ஆள் இருக்கிற பதினேழு வீட்டுக்கும் போனாள். ஸ்டுடியோவுக்கு வந்து ஒரு தரம் பாருங்கள், பார்த்துவிட்டுக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நான் கையைத் தூக்கினது தப்பு என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் ஆள் இல்லாத மாதிரி உள்ளேயே இருந்தார்கள். துக்க வீட்டுக்காரி வாசல் வாசலாக ஏறலாமா என்று ஒருவர் அவள் காதுபடவே பேசினார். அவள் மறுபடி மறுபடி போனாள். மார்கழியில் பவளக்கொடி மட்டும், “வர்றேங்க்கா. ஆனா நீ என் பக்கத்துல உக்காரணும்” என்று சொல்லி வந்தாள்.

அமலதாஸ் பழையபடி போர்வையைக் கட்டினார், விளக்குகளைத் துடைத்தார், எடுத்த டிக்கையெல்லாம் ஒன்று விடாமல் திரும்ப அடித்தார். படம் பழையபடி தெளிவாக இருக்கும் என்று சேதுபதியிடம் சொல்லவில்லை. டீக்கடை மாடிக்கு மட்டும் வரச் சொன்னார்கள். அவன் வந்து உட்கார்ந்தான். படம் வந்தது. அவ்வளவு நல்ல படத்தை அமலதாஸ் தன் தொழிலில் பார்த்ததில்லை. இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது, சட்டைத் துணியில் இழை தெரிந்தது, சவரம் செய்தபோது வெட்டிய சின்னக் காயம் தெரிந்தது. சட்டைக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. அமலதாஸ் வயரைக் கழற்றி மாட்டினார், லேப்டாப்பை அணைத்துப் போட்டார், கேமராவை மாற்றினார். சட்டை சட்டையாகவே இருந்தது. வேண்டாமென்று ஊர் கைதூக்கிய பிறகு அது எங்கள் ஊரில் தங்கவில்லை, அதற்கப்புறம் ஒருநாளும் வரவும் இல்லை.

“நல்லா இருக்காருல்லக்கா?” என்றாள் பவளக்கொடி. தவமணி திரைக்கு அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சேதுபதியும் பவளக்கொடியும் பேசினார்கள். மாடு கன்று போட்டது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனது, மழைக்கு ஓடு ஒழுகியது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். கன்றுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று அவன் கேட்டான். உங்கள் பெயரைத்தான் என்று அவள் சொன்னாள். சேதுபதி சட்டென்று கையை நீட்டி எதையோ அழுத்தினான். மைக் நின்றது. திரையில் அவன் வாய் அகலமாகத் திறந்தது, தோள்கள் குலுங்கின, கண் சுருங்கி ஓரத்தில் நீர் வந்தது, தலை முன்னால் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. பவளக்கொடி சிரிக்க ஆரம்பித்தாள். பல்லெல்லாம் தெரிய, தலையை ஆட்டி ஆட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

தவமணி அவள் காதோரம் குனிந்தாள்.

“பவளம், அவரு சிரிக்கல, இருமறாரு.”

பவளக்கொடியின் சிரிப்பு குறையவில்லை. முகத்தைத் திரையை விட்டு எடுக்காமல், மேஜைக்குக் கீழே கையை நீட்டித் தவமணியின் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் அழுந்துகிற அளவுக்குப் பிடித்தாள்.

“தெரியும்க்கா” என்றாள், உதடு அசையாமல். “அவரு என்னப் பாத்துக்கிட்டிருக்காரு. நீயும் சிரி.”